ஷீபா அறுத்த இறக்கைகள்

ஷீபா இறந்து பன்னிரண்டாவது நாள் அமுதவல்லி மிஸ் அன்புமொழியை லேபுக்குக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அறிவியல் கண்காட்சிப் படிவம் இருந்தது. 'இயங்கும் காற்றாலை மாதிரி' என்று தலைப்பு. அதன் கீழே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரின் பெயர்: அன்புமொழி, ஷீபா.

"மாவட்டத்துக்குப் போற புராஜெக்ட் பாப்பா. ரெண்டு பேர் இருக்கணும்னு ரூல்ஸ். என்ன செய்யலாம், நீயே சொல்லு" என்றார் மிஸ்.

நீயே சொல்லு என்றாரே தவிர, அவள் வாயைத் திறக்கும்வரை காத்திருக்கவில்லை. ஸ்கேலை வைத்து ஷீபாவின் பெயர் மேல் நேராக ஒரு கோடு போட்டார். பக்கத்தில் அதே வகுப்பு அழகியின் பெயரை எழுதினார். மிஸ் கல்நெஞ்சக்காரி இல்லை. அடக்கத்தன்று கல்லறை வாசலில் நின்று விக்கி விக்கி அழுதவர்தான். ஆனால் படிவம் மறுநாளைக்குள் போய்ச் சேர வேண்டும். ஆபீஸ் கெடுவுக்குச் சாவு தெரியுமா, நல்லது தெரியுமா?

"சரிங்க மிஸ்" என்றாள் அன்புமொழி.

அவளுக்கு வருத்தமாக இல்லை. கோபமும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுவதும் மரத்துக் கிடந்தது. சோறு போட்டால் சாப்பிட்டாள். போதுமா என்று கேட்டால் போதும் என்றாள். வகுப்பில் யாராவது சிரித்தால் கொஞ்சம் தாமதமாக அவளும் சிரித்தாள். "நல்லவேளை, புள்ள தேறிக்கிட்டா" என்று அவள் அம்மா வனிதா தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்றவர்களுக்குப் பிள்ளை தட்டைக் காலி பண்ணிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

அரிமளத்தில் அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான். அந்தப் பக்கம் அவளுக்கு என்ன வேலை?

அந்தப் பக்கம் என்றால் ரைஸ்மில்லைத் தாண்டி, தைலமரக் காடு தொடங்குகிற இடம். அங்கே மெயின் ரோட்டை ஒட்டி யாரோ வெளிநாட்டில் இருப்பவர் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். கொத்து வேலைக்கும் கம்பி வேலைக்கும் வந்த பையன்கள் நாலைந்து பேர் அங்கேயே கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். ஒரு லீவு நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, அந்த வீட்டுக்கு நேராகச் சைக்கிளில் ரோட்டைக் கடந்த ஷீபாவை ஜல்லி ஏற்றி வந்த டிப்பர் அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

பேசுவதற்கு ஊருக்கு வேறென்ன வேண்டும்? பதினான்கு வயதுப் பெண், சாயங்கால நேரம், வாலிபப் பையன்கள் தங்கியிருக்கிற இடம். இட்லிக்கடை முனியாயி ஒரு ஈடு இட்லி வேகிற நேரத்துக்குள் முழுக் கதையையும் கட்டி முடித்துவிட்டாள். முதல் நாள் கதையில் ஒரு பையன் வந்தான். மறுநாள் அவனுக்கு ஒரு பைக் வந்தது. அதற்கும் மறுநாள் ஷீபாவின் பையில் ஒரு லெட்டர் இருந்தது. லெட்டரைப் பார்த்தவர் யாரும் இல்லை, பார்த்தவரைப் பார்த்தவர்கள்தான் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் கடைசியில் "பாவம், நல்ல புள்ள" என்று முடித்தார்கள். அதைத்தான் பொறுக்க முடியாது.

அந்தப் பக்கம் ஷீபாவுக்கு என்ன வேலை என்று தெரிந்த ஒரே ஆள் அன்புமொழி. போகச் சொன்னதே அவள்தான்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஷீபா வந்துவிட்டாள். இரண்டு வீடும் ஒரே தெருவில், ஐந்து வீடு தள்ளி. வனிதா முன்னறையில் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். தோழிகள் இருவரும் வீட்டுக்குப் பின்னால் சாமான்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் கெஞ்சி வாங்கிய உடைந்த பிரிண்டரிலிருந்து ஒரு மோட்டாரைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதன் தண்டைச் சுற்றினால் கரண்ட் வரும். அந்தக் கரண்டில் ஒரு சிவப்பு எல்.இ.டி எரிய வேண்டும். புராஜெக்ட் அவ்வளவுதான்.

கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடக் கண்காட்சிகளில் காற்றாலை என்று வைப்பதில் முக்கால்வாசி ஏமாற்று. அடிப் பலகைக்குள் பேட்டரியை ஒளித்து வைத்து, அந்த பேட்டரியால் காற்றாடியைச் சுற்ற விடுவார்கள். கரண்டைக் கொடுத்துக் காற்றாடியைச் சுற்ற வைத்துவிட்டு, காற்றாடி கரண்ட் கொடுக்கிறது என்று சார்ட்டில் கலர் கலராக எழுதி வைப்பார்கள். பரிசும் வாங்கிவிடுவார்கள். "நம்மளது நெசமாவே எரியணும்டி. காத்து நின்னா அணையணும்" என்று ஷீபா முதல் நாளிலேயே சொல்லிவிட்டாள்.

மோட்டாரும் ஒயரும் அன்புமொழியின் பொறுப்பு. இறக்கை ஷீபாவுடையது. அன்புமொழி வீட்டில் தண்ணீர்க் குழாய் மாற்றியபோது மிஞ்சிய பிவிசி பைப் ஒன்றை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து, அட்டையில் வெட்டிய அளவை வைத்து வரைந்து, ஹாக்சா பிளேடால் அறுத்து, உப்புத்தாள் போட்டு வழுவழுவென்று தேய்த்து மூன்று இறக்கைகள் செய்திருந்தாள். ஷீபா கை வேலையில் கெட்டிக்காரி. ஆனால் இடது கைக்காரி. தன் கைக்கு வாகாக அட்டையைத் திருப்பிப் போட்டு வரைந்துவிட்டாள். அதனால் இறக்கையின் சரிவு மறுபக்கம் விழுந்துவிட்டது. டேபிள் ஃபேனை எதிரே வைத்ததும் காற்றாடி விர்ரென்று சுற்றியது. ஆனால் யூடியூப் வீடியோவில் பார்த்ததற்கு நேர் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. எல்.இ.டி எரியவில்லை.

இரண்டு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஃபேனைக் கிட்டக் கொண்டுவந்தார்கள், எட்ட வைத்தார்கள். எரியவே இல்லை.

"ரிவர்ஸா சுத்துதுடி. அதான் கரண்ட் வர மாட்டேங்குது" என்றாள் அன்புமொழி.

"வேகமாத்தானே சுத்துது?"

"சுத்தி என்ன புண்ணியம்? நொட்டாங்கையால அறுத்தா இப்படித்தான் இருக்கும். பூராம் வேஸ்ட்டு."

ஷீபாவின் முகம் சுருங்கிவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தக் கைக்காக எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், அன்புமொழி மட்டும் சொன்னதில்லை. உப்புத்தாள் துகள் ஒட்டியிருந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "வேற பைப் இல்லையே" என்றாள்.

"ரைஸ்மில்லத் தாண்டி வீடு கட்டுறாங்கள்ல, அங்க துண்டு பைப் கெடக்கும். போயி எடுத்துட்டு வா. நீதானே கெடுத்த, நீயே போ."

ஷீபா சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாகப் போனாள். போகும்போது திரும்பி, "அதுக்குள்ள எல்.இ.டிய ஒடச்சுத் தொலச்சுறாத" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

தகவல் வந்து தெருவே ஓடியபோது அன்புமொழியும் ஓடினாள். யாரோ அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "ஒன்னோடதானே இருந்தா? எங்க போறேன்னு சொன்னா?" என்று கேட்டார்கள். "தெரியலை. சொல்லாமப் போயிட்டா" என்றாள். யோசித்துச் சொன்னதில்லை. அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது. அப்புறம் போலீஸ்காரர் கேட்டார், பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், அம்மா கேட்டாள். ஒரு தடவை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் அந்தப் பதிலும் முனியாயியின் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே இருந்த பிள்ளையிடமே சொல்லாமல் போயிருக்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதையும் கதையில் சேர்த்துக்கொண்டார்கள்.

பதினெட்டாம் நாள் ஷீபாவின் அம்மா ஷர்லி அவளைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஷர்லி புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். காலையில் பஸ் ஏறினால் வீடு திரும்ப எட்டு மணியாகும். புருஷன் சிங்கப்பூரில். மகள் சாவுக்கு வந்தவர் ஒரு வாரத்தில் திரும்பிவிட்டார். கம்பெனி லீவு அவ்வளவுதான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஷர்லி ஷீபாவின் ஸ்கூல் பையைத் தரையில் கொட்டி, நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். சயின்ஸ் முடிந்து கணக்கு நோட்டு நடந்துகொண்டிருந்தது.

"வா அன்பு. ஒக்காரு" என்றாள். குரலில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. "எனக்கு மட்டும் சொல்லு. நான் திட்ட மாட்டேன், யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். எவனையாச்சும் பாக்கப் போனாளா?"

"இல்லத்தை."

"அப்ப எதுக்குப் போனா?"

அன்புமொழி கணக்கு நோட்டைப் பார்த்தாள். ஷீபாவின் எழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து நின்றன.

"தெரியலை அத்தை."

"பொட்டிய மூடுறப்பக்கூட அதத்தான் கேட்டேன். ஒனக்கு அங்கிட்டு என்னடி வேலைன்னு. பெத்தவ கேக்குற கேள்வியா அது? முத்தம் குடுத்து அனுப்ப வேண்டிய நேரத்துல அதக் கேட்டேன்." ஷர்லி நோட்டை மூடினாள். "முப்பதாம் நாள் பூசைக்கு ஊரக் கூப்பிட வேணாம்னு அண்ணி சொல்றாங்க. கூப்பிட்டா நாலு பேரு நாலு பேசுவாங்களாம். காலையில ஆறு மணிப் பூசையில பேர மட்டும் வாசிச்சுட்டு விட்டுறலாம்ங்கறாங்க. திருட்டுத்தனமா செய்யிற மாதிரி. எம்புள்ள என்னா தப்பு செஞ்சுச்சுன்னு எனக்கே தெரியலையே அன்பு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு ஆள் இல்லை, கேட்டவள் பெற்றவள், கேட்டதும் கெஞ்சித்தான் கேட்டாள். தொண்டையில் வார்த்தை இருந்தது, அதை மேலே தள்ளுவதற்கு அன்புமொழிக்குள் ஆள் இல்லை. ஷர்லியின் கண்ணில் தண்ணீர் வழிவதை, பஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி இருக்கிறோமே என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அதுவும் லேசாகத்தான் இருந்தது.

"அந்தக் காத்தாடி என்னாச்சு?" என்று ஷர்லி கேட்டாள்.

"புதுக்கோட்டையில கண்காட்சிக்குப் போகுது அத்தை. அடுத்த செவ்வாக்கிழமை."

"செவ்வாக்கிழமையா" என்றாள் ஷர்லி. மறுபடி கணக்கு நோட்டைத் திறந்தாள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு மணியில் அழகி லேபுக்கு வந்தாள். கையில் புத்தம்புது பிவிசி பைப் ஒரு மீட்டர். அவள் அப்பா மூக்கன் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வேலை பார்ப்பவர்.

"மிஸ் வேற றெக்கை அறுக்கச் சொன்னாங்கல்ல, எங்கப்பாட்ட கேட்டு வாங்கியாந்தேன்" என்று பைப்பை மேசையில் வைத்தாள்.

அன்புமொழி பைப்பைப் பார்த்தாள். வெள்ளையாக, நீளமாக, கம்பெனிப் பெயர் நீல எழுத்தில் அச்சடித்து, கேட்டதும் வந்து நிற்கிறது.

"எதுக்கு மாத்தணும்? இதுவே நல்லாத்தானே அறுத்துருக்கு?" அழகி காற்றாடியைக் கையால் சுற்றிப் பார்த்தாள்.

"ரிவர்ஸா சுத்துது. எல்.இ.டி எரியலை."

"ரிவர்ஸா சுத்துனா ஒயர மாத்திக் குடுக்க வேண்டியதுதானே?" அழகி ஏதோ சோற்றுக்கு உப்புப் போடச் சொல்வதுபோலச் சொன்னாள். "இங்கிட்டு சுத்துனா இந்த ஒயர்ல பிளஸ் வரும், அங்கிட்டு சுத்துனா அந்த ஒயர்ல வரும். எல்.இ.டிக்கு நீளக் கால்ல பிளஸ் குடுத்தாத்தான் எரியும். இரு."

எல்.இ.டியின் இரண்டு காலிலும் முறுக்கியிருந்த ஒயர்களைப் பிரித்தாள். இதை அதிலும் அதை இதிலும் முறுக்கினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. லேபில் இருந்த டேபிள் ஃபேனைத் தட்டிவிட்டாள். ஷீபாவின் மூன்று இறக்கைகளும் எதிர்ப்பக்கமாகவே விர்ரென்று சுற்றின. எல்.இ.டி சிவப்பாக எரிந்தது.

"எப்பூடி!" என்று அழகி கையைத் தட்டினாள். "பைப்ப எங்கப்பாட்டயே திருப்பிக் குடுத்துறேன்."

அன்புமொழி அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இறக்கையில் தப்பில்லை. இறக்கை அருமையாக இருந்தது. தப்பு ஒயரில், அதாவது அவளிடம். அன்றைக்கு அவள் இரண்டு ஒயரை இடம் மாற்றிச் சுற்றியிருந்தால் ஷீபா ஆறு மணிக்கு எழுந்து தன் வீட்டுக்குப் போயிருப்பாள். பைப்பே தேவையில்லை. இதை மனசுக்குள் ஒரு தடவை முழுதாகச் சொல்லிப் பார்த்தாள். இப்போது என்னவோ ஆகப்போகிறது, நெஞ்சு வெடிக்கும், கத்துவோம் என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அழகி ஃபேனை நிறுத்தினாள், எல்.இ.டி மங்கி அணைந்தது. அன்புமொழி வெளியே போய்க் குழாயில் கை கழுவினாள். அழுக்கே இல்லாத கையை மணி அடிக்கும்வரை கழுவினாள். அன்று ராத்திரி மூன்று தோசை சாப்பிட்டாள்.

அடுத்த ஒரு வாரம் இரண்டு பேரும் சார்ட் எழுதினார்கள். தெர்மாகோலில் மலை செய்து பச்சை அடித்தார்கள். காற்றாற்றல் பற்றி அமுதவல்லி மிஸ் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அன்புமொழி அதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். உள்ளே வேறு எதுவும் இல்லாததால் அது சிரமமில்லாமல் ஏறிக்கொண்டது.

கண்காட்சி புதுக்கோட்டையில் ஒரு பெரிய பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. முப்பதாம் நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஹால் முழுக்க மேசைகள், மேசை முழுக்க எரிமலையும் சொட்டுநீர்ப் பாசனமும் இதயமும் கிட்னியும். காற்றாலை மட்டும் நாலு இருந்தது. மற்ற மூன்றும் ஃபேனே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. பேட்டரிக்கு என்ன, காற்று அடித்தால்தான் சுற்றுவேன் என்று அடம் பிடிக்கவா போகிறது?

ஒன்றேகால் மணிக்கு நடுவர் அவர்கள் மேசைக்கு வந்தார். ஆத்மநாதன் என்று பெயர். பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர். அதே நேரத்தில் ஹாலின் வாசலில் ஷர்லி நின்றுகொண்டிருப்பதை அன்புமொழி பார்த்தாள். ஜவுளிக்கடை யூனிஃபார்ம் சேலை, கழுத்தில் கடையின் அடையாள அட்டை. சாப்பாட்டு இடைவேளையில் வந்திருந்தாள். மெதுவாக நடந்து வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, சுற்றுகிற இறக்கைகளைப் பார்த்தாள். அன்புமொழியைப் பார்க்கவில்லை.

ஆத்மநாதன் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஃபேனை அவரே நிறுத்தினார். காற்றாடி நின்றது, எல்.இ.டி அணைந்தது. மறுபடி போட்டார், எரிந்தது. அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"பேட்டரி இல்ல. நெசமாவே ஜெனரேட் ஆகுது. வெரிகுட்" என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லும்மா. எல்லாரோட காத்தாடியும் ஒரு பக்கம் சுத்துது. ஒன்னுது மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் சுத்துது?"

அது மிஸ் எழுதிக் கொடுத்த பக்கத்தில் இல்லை.

"றெக்கை அறுத்தவ இடது கைக்காரி சார்" என்றாள் அன்புமொழி.

"யாரு, இந்தப் பாப்பாவா?" அவர் அழகியைக் காட்டினார்.

"இல்ல சார். ஷீபா."

அவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "ஷீபான்னு பேரு இல்லையேம்மா."

"பேர அடிச்சுட்டாங்க சார். அவ செத்துப்போயிட்டா."

அமுதவல்லி மிஸ் அவசரமாக முன்னால் வந்தார். "சார், அது ஒரு ஆக்சிடென்ட்டுங்க சார். நீ விண்ட் எனர்ஜியப் பத்திச் சொல்லும்மா, படிச்சீல்ல?"

அன்புமொழி சொன்னாள். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். ஆனால் விண்ட் எனர்ஜியைப் பற்றிச் சொல்லவில்லை.

"மொதல்ல எரியலை சார். ரிவர்ஸா அறுத்துட்டன்னு நான் அவளத் திட்டுனேன். வேற பைப் எடுத்துட்டு வான்னு அனுப்புனேன். ரைஸ்மில்லத் தாண்டி புது வீடு கட்டுற எடத்துல துண்டு பைப் கெடக்கும், நீதானே கெடுத்த, நீயே போன்னு சொன்னேன். அவ யாரையும் பாக்கப் போகலை சார். பைப் எடுக்கப் போனா. அப்பத்தான் டிப்பர் அடிச்சிருச்சு. எங்க போனான்னு எல்லாரும் கேட்டாங்க. தெரியலைன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியும் சார்."

ஆத்மநாதன் பேனாவை மூடினார். பக்கத்து மேசை எரிமலைக்காரப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஷர்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பைப்பா?"

"ஆமாத்தை."

"பைப் எடுக்கவாடி போனா?"

"ஆமாத்தை."

ஷர்லியின் கை மேலே எழுந்தது. அன்புமொழி கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. ஷர்லியின் கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவள் அன்புமொழியின் மணிக்கட்டைப் பிடித்து, தரதரவென்று ஹாலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள். சைக்கிள் ஷெட் ஓரமாக நிறுத்தினாள். கைப்பைக்குள் விட்டுத் துழாவிப் போனை எடுத்தாள். இரண்டு தடவை நம்பர் தப்பாகப் போய்விட்டது.

"அண்ணி, ஷீபா பைப் எடுக்கப் போயிருக்கா அண்ணி... பைப்பு, தண்ணி பைப்பு. ஸ்கூல் வேலைக்கு. நம்ம புள்ள ஸ்கூல் வேலைக்குப் போயிருக்கு. நான் சொன்னா ஒங்களுக்கு நம்பிக்கை வராது." போனை அன்புமொழியிடம் நீட்டினாள். "இந்தா, நீயே சொல்லு."

அன்புமொழி சொன்னாள். "நான்தான் போகச் சொன்னேன். பைப் எடுக்கப் போனா." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. ஷர்லி போனைப் பிடுங்கி அடுத்த நம்பரைப் போட்டாள். முப்பதாம் நாள் பூசை நடக்கிற கோயிலின் உபதேசியார். மறுபடி அதே பேச்சு, மறுபடி "நீயே சொல்லு". மூன்றாவதாக முனியாயி. முனியாயிக்குச் சொல்லிவிட்டால் தண்டோரா போட வேண்டியதில்லை என்பது ஷர்லிக்கும் தெரியும். முனியாயி கேட்டுவிட்டு, "அடி ஆத்தீ, எனக்கு அப்பவே தெரியும், அது அப்படிப்பட்ட புள்ள இல்லைன்னு" என்றாள். நாக்கு கூசவே இல்லை.

நாலாவது நம்பருக்கு மணி நெடுநேரம் அடித்தது. சிங்கப்பூர். ஷீபாவின் அப்பா எடுத்தபோது பின்னால் ஏதோ மெஷின் கான்கிரீட்டைக் குடைகிற சத்தம் கேட்டது. "கேளுங்க. அன்பு சொல்றா, கேளுங்க" என்று மட்டும் சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டு ஷர்லி திரும்பி நின்றுகொண்டாள்.

"மாமா, நான் அன்புமொழி. ஷீபாவ நான்தான் போகச் சொன்னேன். காத்தாடிக்கு பைப் எடுத்துட்டு வரச் சொன்னேன். அதுக்குத்தான் போனா."

வாய்க்குப் பழகிவிட்டது. முதல் தடவை சொன்னதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மெஷின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் அங்கிருந்து நகர்ந்து நடந்திருக்க வேண்டும், சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"பைப் கெடச்சுச்சாம்மா?" என்று கேட்டார்.

இதை அதுவரை யாரும் கேட்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது உண்மையும்கூட. மிச்சம் இருப்பது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அழகிக்குக்கூட அதன் பொருள் தெரியாது. ஷர்லி முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"இல்ல மாமா" என்றாள். அப்புறம், "அது தேவையே இல்ல மாமா. அவ அறுத்த றெக்கை சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் ஒயரத் தப்பாக் குடுத்திருந்தேன். அதான் எரியலை. இப்ப அவளோட றெக்கைலதான் எரியுது" என்றாள்.

ஷர்லியின் முதுகு அசையவில்லை.

"அவ அறுத்தது சரிதான்னு அவளுக்குத் தெரியாதுல்ல?" என்றார் அவர்.

"தெரியாது மாமா."

சொன்னதும் அவள் ஷெட்டின் சிமெண்ட் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பி வந்தது. அது அழுகை என்று கேட்டவர்கள்தான் சொல்ல வேண்டும், அவ்வளவு கோரமாக இருந்தது. நொட்டாங்கை என்றேனே, வேஸ்ட் என்றேனே, அதைக் கேட்டுக்கொண்டேதானே போனாள் என்று சொல்ல நினைத்தாள். வார்த்தை எதுவும் உருப்படியாக வரவில்லை. தரையில் கையை அறைந்து அறைந்து அழுதாள்.

ஷர்லி குனிந்து அவள் கையிலிருந்து போனை எடுத்தாள். "அப்பறம் கூப்புடுறேங்க" என்று சொல்லி வைத்தாள். அவள் அன்புமொழியைத் தூக்கி நிறுத்தவும் இல்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. கடையில் சாப்பாட்டு இடைவேளை முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. அவள் போகாமல் அங்கேயே நின்றாள்.